வாய் திறக்கக் கூடாத அறை

மின்விசிறியை நிறுத்தியாயிற்று. கதவில் "நுணலும் தன் வாயால் கெடும்" என்று யாரோ குறும்பாக எழுதி ஒட்டியிருக்கிறார்கள். வேலை நடக்கும்போது இந்த அறையில் பேசக் கூடாது. மேலும் கீழும் சட்டைப் பொத்தான் அளவில் ஒலிபெருக்கிகள் வரிசையாக இருக்கின்றன. காதுக்கு எட்டாத அவற்றின் அதிர்வில், எதையும் தொடாமல், ஒரு துளி அந்தரத்தில் நிற்கிறது. கைக்குழந்தையின் முதுகுத்தண்டில் எடுத்த நீரில் மிச்சம் இவ்வளவுதான்; வேறெதுவும் பட்டால் பரிசோதனை பொய்த்துவிடும். துளியை நகர்த்தும் குமிழைத் திருகுபவள் குழந்தையின் அத்தை. பக்கத்தில் நிற்கும் அவளுடைய அண்ணன், குழந்தையின் அப்பா, இதே ஆய்வகத்தில்தான் வேலை செய்கிறான். முகமூடி தாடையில் தொங்குவதை அவன் கவனிக்கவில்லை. விளக்கொளியில் மினுங்கியபடி துளி பரிசோதனைக் கிண்ணத்தை நோக்கி எறும்பாய் ஊர்கிறது. இன்னும் ஒரு விரற்கடைதான். சட்டென்று துளி நடுங்குகிறது.

"பாத்து, பாத்தும்மா!"

அவன் வாயிலிருந்து தெறித்த எச்சில், கடுகில் பாதி, கீழே விழவில்லை. துளிக்குப் பின்னால் அதுவும் அந்தரத்தில் நிற்கிறது. அவன் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொள்கிறான். அதிர்வை நிறுத்தினால் இரண்டும் விழும். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு குமிழை மயிரிழை திருகுகிறாள். துளி நகர்கிறது. அதே இடைவெளியில், எச்சிலும் கூடவே வருகிறது.