எதையும் எடுக்காதவன்

மூன்று வருடமாகக் காலையில் காபி குடித்த கையோடு, மங்கையர்க்கரசி இறந்துபோன கணவரின் லேப்டாப்பில் ஒரு பாஸ்வேர்டு போட்டுப் பார்ப்பாள். ஒருநாளும் திறந்ததில்லை. இன்று அவள் விரல் வைக்குமுன்பே திறந்து கிடந்தது. ‘சுலபமாக நுழைய முடிந்தது. எதையும் எடுக்கவில்லை. நன்றாகப் பூட்டிக்கொள்ளுங்கள்’ என்று திரையில் எழுதியிருந்தது.

அவள் கொண்டுபோன லேப்டாப்பைப் பார்த்து, போலீஸ் சைபர் பிரிவு ஏட்டு தலையைச் சொறிந்தார். “ஹேக்கர் வேலைதாம்மா. என்ன களவு போச்சு?”

“ஒண்ணும் போகலை சார். அவர் போட்டோவெல்லாம் கிடைச்சிருக்கு.”

“அப்ப அவனைத் திருடன்னு எழுதவா, வேண்டாமா?”

திருடன் சொல்லிவிட்டா போவான்? நல்லவன் கேட்காமலா வருவான்? அவளுக்கு விளங்கவில்லை.

“சரி, குடுங்க. நல்ல பூட்டாப் போட்டுத் தர்றேன்.”

அவள் லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

“வேண்டாம் சார். இத்தனை நாளா வெளியே நின்னது நான் மட்டும்தான்.”