பேய்க்குத் தடை

“ஒரு பிள்ளை பேய் வேஷம் போட்டுட்டா, பரலோகக் கதவை இழுத்துப் பூட்டிடுவாங்களா அத்தான்?”

செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

“வந்தாச்சுய்யா எதிர்க்கட்சி,” என்றார் அத்தான், துடைத்துக்கொண்டிருந்த மூக்குக்கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல். பல்கலைக்கழகத்தில் படிக்கும் மைத்துனிக்கு அவர் வைத்த பெயர் அது.

அத்தானுக்குக் கண்ணாடிக் கடை. பொய் வராத மனிதர். “இந்த ஃபிரேம் உங்க மூஞ்சிக்கு நல்லா இல்லையே” என்று வாடிக்கையாளரிடம் சொல்லி, எதிர்க் கடைக்காரரை வாழவைப்பவர். அக்கா நர்ஸ். டியூட்டிக்குப் போட வேண்டிய சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

“முதல்ல உட்காருடி. யாரு என்ன சொன்னாங்க?”

“யாரு சொல்லலை? குட்டியோட கிளாஸ்மேட் வீட்ல சனிக்கிழமை பேய் வேஷ விருந்து. எல்லாரும் முகமூடி போட்டுக்கிட்டு, லைட்டை அணைச்சிட்டு, பேய்ப் படம் பார்க்கப் போறாங்க. கிளாஸே போகுது. உன் பொண்ணு மட்டும் ‘எங்க வீட்ல தடை’ன்னு சொல்லிட்டு வந்திருக்கா. அந்தப் பிள்ளையோட அம்மா பஸ்ல வெச்சு என்னைக் கேட்கறாங்க, உங்கக்கா நடத்தறது வீடா, கன்னியர் மடமான்னு. மானமே போச்சு!”

“நீ உன் மானத்துக்காக வந்தியா, எம் பொண்ணுக்காக வந்தியா?”

“உன் பொண்ணுக்காகத்தான்! எந்தப் பண்டிகை ஆகும், எந்தப் படம் ஆகாதுன்னு நீங்க ரெண்டு பேரும் தீர்ப்பு எழுதிடுவீங்க. அந்தக் குழந்தை தலையை ஆட்டணும். அவ என்ன உங்க கடையில இருக்கிற பொம்மையா?”

“கடையில பொம்மை இல்லைம்மா. கண்ணாடிதான்,” என்றார் அத்தான்.

“பேச்சை மாத்தாதீங்க. பேய் வேஷம் பாவம்னா, கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம்? போன டிசம்பர்ல தலையணையை வயித்துல கட்டிக்கிட்டு ஹோ ஹோன்னு நின்னது யாரு?”

“அது… சந்தோஷ வேஷம்.”

“வேதத்துலயே ஒரு ராஜா, செத்தவரை எழுப்பச் சொல்லிக் குறி சொல்றவகிட்டப் போகலையா? அதை சண்டே ஸ்கூல்ல நீங்களே நடிச்சுக் காட்டறீங்க!”

“அது எச்சரிக்கைக்காக…”

“முகமூடிதான் பிரச்சினைன்னா, அக்கா தினம் முகமூடி போட்டுக்கிட்டுத்தானே ஊசி போடறா? அதைவிடவா பயங்கரம்?”

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பாயிண்ட்தாங்க.”

“நீ யாரு பக்கம்?” என்றார் அத்தான் பரிதாபமாக.

எதிர்க்கட்சிக்கு இது சப்பென்று இருந்தது. ஒரு கேள்வி கேட்டால் வசனமாக எடுத்து வீசுகிற மனிதர், இன்று பந்தையே தொட மாட்டேன் என்கிறாரே!

“நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்க அத்தான். அந்தப் படத்துல அப்படி என்னதான் தப்பு?”

அத்தான், பளபளவென்றிருந்த கண்ணாடியை மறுபடியும் துடைத்தார்.

“தப்புன்னு பெரிசா ஒண்ணும் இல்லைம்மா. கார்ட்டூன்தான். நான் பார்த்தேன்.”

“பார்த்தீங்களா?”

“முழுசா. நடுவுல கொஞ்சம் நல்லாக்கூட இருந்தது.”

“கேட்டியா அக்கா! இவரு பார்ப்பாராம், ரசிப்பாராம், பிள்ளை மட்டும் பார்க்கக் கூடாதாம்! இதுக்குப் பேருதான் வேஷம். பேய் வேஷம் எவ்வளவோ தேவலை!”

அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வாயைத் திறந்தாள். அத்தான் வேண்டாம் என்று தலையசைத்தார். மூடிக்கொண்டாள்.

“தப்பில்லைன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. அப்புறம் எதுக்குத் தடை?”

“அதைச் சொல்றதுக்கில்லைம்மா.”

“ஓஹோ, ராணுவ ரகசியமோ? காரணம் சொல்ல முடியாத சட்டம் செல்லாது. தீர்ந்தது!”

ஃபோனை எடுத்துவிட்டாள்.

“ஏய், ஏய், இருடி!” அக்கா ஓடி வருவதற்குள் விருந்து வீட்டில் மணி அடித்து, எடுத்தும் விட்டார்கள்.

“ஆமாங்க, நான்தான். குட்டி வர்றா. தடையெல்லாம் எடுத்தாச்சு. நானே கொண்டாந்து விடறேன். எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க!”

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். அத்தான் கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டார்.

எதிர்க்கட்சி பையிலிருந்து ஒரு மண்டையோட்டு முகமூடியை உருவி மாட்டிக்கொண்டு, வெற்றி ஊர்வலமாக உள்ளறைக்குப் போனாள்.

“தங்கம்! சித்தி ஜெயிச்சுட்டேன்! சனிக்கிழமை நீ போறே!”

வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த குட்டி நிமிர்ந்து பார்த்தாள். அடுத்த நொடி வீல் என்று கத்திக்கொண்டு கூடத்துக்கு ஓடி, அப்பாவின் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

“சித்திகிட்டச் சொல்லிட்டீங்களாப்பா?”

“இல்லைடா. மூச்சு விடலை.”

“என்ன சொல்லலை?” முகமூடியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி அறை வாசலிலேயே நின்றுவிட்டாள் எதிர்க்கட்சி.

குட்டி விசும்பிக்கொண்டே ஒரு கண்ணால் மட்டும் எட்டிப் பார்த்தாள்.

“எனக்குப் பேய்னா பயம். பயம்னு சொன்னா கிளாஸே சிரிக்கும். அதான், ‘வீட்ல தடை’ன்னு சொல்லிக்கறேன்னேன். அப்பா, பொய் சொல்லக் கூடாதுன்னுட்டாரு. அப்போ நிஜமாவே தடை போடுங்கன்னு கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வெச்சிருந்தேன் சித்தி. உங்களை யாரு எடுக்கச் சொன்னது?”