இல்லாட்டியா, இல்லேன்னாவா?

கம்ப்யூட்டருக்கு ஊர்ப்பேச்சிலேயே கட்டளை எழுத, கோவில்பட்டியில் மூவர் கம்பெனி தொடங்கி ஒரு மொழி உருவாக்கினார்கள். புரோகிராம் எழுதியவள் முத்துசெல்வி. சொற்களைத் தேர்ந்தெடுப்பது மற்ற இருவரின் பொறுப்பு.

“மழை பேஞ்சா மோட்டாரை நிறுத்து, இல்லாட்டி ஓடவிடு. ‘இல்லாட்டி’தான் சரி” என்றார் மாயகிருஷ்ணன்.

“எங்க ஊரு இடைசெவல்ல ‘இல்லேன்னா’ம்பாவ. அதான் வேணும்” என்றார் செல்வகணேஷ்.

ஒரு மாதம் சண்டை நீடித்தது. கம்பெனியே உடையும் நிலை வந்தது.

வெள்ளோட்டத்தன்று இருவரும் பிடிவாதமாகத் தத்தம் சொல்லையே எழுதினார்கள். இரண்டுக்குமே மோட்டார் ஓடியது. வெட்கத்தோடு கைகுலுக்கிக்கொண்டார்கள்.

முத்துசெல்வியிடம் அவள் அக்கா சந்தனமாரி தனியே கேட்டாள்.

“ஏட்டி, ரெண்டு வார்த்தையையும் எப்ப சேத்த?”

“மொத நாளே.”

“பெறகு ஏன் சொல்லல?”

“அவிய சும்மா இருந்தா, என் புரோகிராம்ல கை வச்சிருப்பாவ.”