இறங்கிப்போன அழுத்தம்

"சிறுநீரகத்துக்குப் போற ரத்தக்குழாய் சுருங்கியிருந்தது. ரத்தம் பத்தலைன்னு சிறுநீரகம்தான் பிரஷரை ஏத்திவிட்டிருக்கு. ஸ்டென்ட் வெச்சதும் இறங்கிடுச்சு," என்றார் ரொசாரியோ மருத்துவமனை டாக்டர்.

"இனிமே என் கல்யாணப் பேச்சை எடுத்தாலும் அம்மாவுக்கு ஏறாதா?" என்று கேட்டாள் நெலிடா.

"கல்யாணமே பண்ணிக்கிட்டாலும் ஏறாது!"

வெளியே, அவளைப் பெண் கேட்டிருந்த ஒஸ்வால்டோ மாத்தே தேநீர் குடித்தபடி காத்திருந்தான். 'அம்மா தாங்கமாட்டாங்க' என்று நெலிடா ஒவ்வொரு வருடமும் சொல்ல, அவன் அவளுடைய அம்மா எல்விராவை மனதுக்குள் திட்டிக்கொண்டே காத்திருந்தான்.

கட்டிலில் எல்விரா மகளை முறைத்தாள். "நான் எப்போ வேணாம்னேன்? என் பேரைச் சொல்லி அந்தப் பாவியை எத்தனை காலம்டி காக்க வெப்பே? போய்ச் சரின்னு சொல்லு."

நெலிடா கதவு வரை போனாள். கைப்பிடியைத் தொட்டவள் திரும்பினாள்.

"டாக்டர், அம்மாவுக்குச் சர்க்கரை பார்த்தீங்களா?"