உருட்டி விட்ட தலை

இந்தக் காலத்துப் பெண்களுக்குப் பிள்ளையைக் குளிப்பாட்டத் தெரியவில்லை. எடுத்துச் சொன்னால் கோபம் மட்டும் வருகிறது. பக்தவச்சலத்துக்கு அதில் சந்தேகமே கிடையாது. ஆஸ்பத்திரி என்றும் பாராமல், டாக்டர் முன்னாலேயே உரக்கச் சொன்னார்.

“கால்ல போட்டுத் தண்ணி ஊத்தும்போது மண்டைய உருட்டி உருட்டி விட்டிருந்தா, இப்படி வாழைப்பூ மாதிரி நீண்டுக்குமா? டேய் குணா, டாக்டரம்மா வாயாலயே கேட்டுக்கோ. அப்படியே இவள பொம்மனஹள்ளியில அவங்கம்மா வீட்டுல எறக்கி விட்டுடு. புள்ளைய நாம பாத்துக்கலாம்.”

மருமகள் மலர், மடியிலிருந்த நான்கு மாதக் குழந்தையின் தலையைத் துப்பட்டாவால் மூடினாள். குணசேகர் தரையைப் பார்த்தான். அப்பா சொன்னதை அவனும் பாதி நம்பிவிட்டிருந்தான்.

டாக்டர் வீணா ஸ்கேனை வெளிச்சத்தில் பிடித்தார். “கைக்குழந்தைக்கு மண்டை எலும்பு துண்டு துண்டா இருக்கும். மூளை வளர வளர எடம் விடணும். இவன் அம்மா வயித்துக்குள்ள இருக்கும்போதே அது நடு உச்சியில ஒட்டிக்கிச்சு, அதான் அகலமாகாம நீளமா போயிருக்கு. உருட்டினா சரியாகாது தாத்தா. சீக்கிரமா ஆபரேஷன் பண்ணணும்.”

“வயித்துக்குள்ள நடந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்? எட்டிப் பாத்தீங்களா?”

“உங்க வீட்டுல வேற யாருக்காவது இப்படி...”

“எங்க வம்சத்துல கிடையாது. இவ அம்மா வீட்டுப் பக்கம் விசாரிங்க.” பக்தவச்சலம் குரங்குக் குல்லாயை உருவி மண்டையைத் தட்டிக் காட்டினார். எப்போதும்போல் நெற்றியில் தலைவலித் தைலம் மணத்தது. “இது எங்கம்மா உருட்டி விட்ட தலை. கோலார் சுரங்கத்துல கம்பெனி ஹெல்மெட் ஒண்ணும் எனக்கு நிக்காது, நீளமா தனியா செஞ்சு குடுத்தாங்க. அவ்ளோ மூளை.”

“நைனா, கொஞ்சம் சும்மா இரு” என்றான் குணசேகர்.

“நீ நம்புடா. கத்தி வைக்கிறவங்களுக்கு ஏதாவது ஒரு சாக்கு வேணும். நான் நம்ப மாட்டேன்.”

குல்லாயை இழுத்து மாட்டிக்கொண்டு, கதவைத் தள்ளி வெளியே நடந்தார். பாதி வராந்தா தாண்டியிருப்பார். முதுகுக்குப் பின்னால் டாக்டரின் குரல் கேட்டது. நின்று கேட்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

“அழாதம்மா, உன் மேல ஒரு தப்பும் இல்ல. குணசேகர், ஓடிப்போய் உங்கப்பாவக் கூட்டிட்டு வாங்க, அவர் தலையையும் ஒரு ஸ்கேன் பாத்துடலாம்.”