மழைக்குப் பிடிக்கிற ரயர்

யோகநாதன் அண்ணை காரை என் கராஜுக்குள் விட்டு இறங்கியபோது நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. ரயரைப் பார்த்தேன்.

நான்கும் மொட்டை. இந்த லட்சணத்தில் ஜேர்மனிக்குப் போகப் புறப்பட்டிருந்தார்.

மகள் கஜந்தினி டோட்முண்ட் ஆஸ்பத்திரியில் கடுமையாக இருக்கிறாள் என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அவள் விடியற்காலையிலேயே போய்விட்டாள் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

சொன்னது அரியரத்தினம். அண்ணையின் மனைவி கோசலை அக்காவின் தம்பி. புறநகரான திரான்சியிலிருந்து போன் எடுத்து, அத்தானும் அக்காவும் வருவார்கள், ரயரையும் பற்றரியையும் மாற்றி அனுப்பு, வாயைத் திறந்துவிடாதே, அவ்வளவு தூரம் ஓட வேண்டிய மனுஷன் என்றார்.

எங்கள் ஆட்கள் சாவை ஒரேயடியாகச் சொல்வதில்லை. முதலில் சுகமில்லை என்போம். பிறகு கடுமை என்போம். மிச்சத்தை, வாசலில் கிடக்கிற செருப்புகளைப் பார்த்து ஆள் தானாகவே விளங்கிக்கொள்ள வேண்டும். இந்தக் கெட்ட பழக்கத்தை நான் எத்தனையோ தரம் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு அது என் தலையிலேயே வந்து விழுந்தது.

கோசலை அக்கா வாசலில் கிடந்த பிளாஸ்டிக் கதிரையில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தார். தேத்தண்ணி வேண்டாம் என்று தலையாட்டினார். லா சப்பல் பாலத்தில் மெத்ரோ ரயில் போகும்போதெல்லாம் கராஜின் தகரக் கதவு அதிர்ந்தது.

ரயர் வாங்க வருகிற எங்கள் ஆட்களுக்கு ஒரு முறை இருக்கிறது. காலால் ஓர் உதை விடுவார்கள். பாவிச்ச பழசு இல்லையோ என்று கேட்பார்கள். அதில் யோகநாதன் அண்ணைதான் மன்னன். அவர் புது ரயர் வாங்கி நான் கண்டதே இல்லை.

அன்றைக்குப் புது ரயர் கேட்டார்.

கைக்கு எட்டியதை உருட்டிக்கொண்டு வந்தேன். உயிரோடு இருக்கிற மகளிடம் போகிறவருக்கு எப்படி ஓடி ஓடி வேலை செய்வேனோ, அப்படிச் செய்தால்தான் சந்தேகம் வராது என்று நினைத்தேன்.

அண்ணை அவசரப்படவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குந்தியிருந்து, ரயரின் பக்கவாட்டில் அது செய்த வருடத்தைத் தேடி வாசித்தார். இது பழைய சரக்கு, வேறு எடு என்றார். வேறு எடுத்தேன். பள்ளத்துக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார். பெல்ஜியம் பக்கம் மழையாம், மழைக்கு ரோட்டை நன்றாகப் பிடிக்கிறது எது என்று கேட்டார். மேல் தட்டிலிருந்து என்னிடம் இருந்ததில் நல்லதை இறக்கினேன். ஒன்றைப் பார்த்ததோடு விடவில்லை, நான்கையும் பார்த்தார். புதுப் பற்றரிக்கும் மீற்றரைப் பிடிக்கச் சொன்னார். பிடித்துக் காட்டினேன். இன்னொரு தரம் பிடி என்றார்.

எனக்கு எரிச்சல் வந்தது. பிள்ளை சாகக் கிடக்கிறாள் என்று நம்புகிற தகப்பன் இப்படியா ரயர் பார்ப்பான்? வாய்விட்டுக் கேட்க முடியாது. வேகமாக நட்டுகளைக் கழற்றினேன். ஒன்று கை தவறி உருண்டு போனது.

அண்ணை அதைப் பொறுக்கி என் கையில் தந்தார். அக்காவுக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

“ஆறுதலாப் பூட்டு தம்பி. இனி என்ன அவசரம்?”

அவருக்குத் தெரிந்திருந்தது. விடிய டோட்முண்டிலிருந்து மருமகன் எடுத்த போனுக்கு அவர்தான் பதில் சொல்லியிருக்கிறார். பிறகு மைத்துனர் வந்து கடுமை என்று மென்று விழுங்கியபோது, ஒன்றும் அறியாதவர் போலக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். கோசலைக்கு மட்டும் சொல்லிவிடாதே, நடுவழியில் வைத்து அவளைத் தாங்க என்னால் ஏலாது, பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்றார். சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

அழுகை வந்தது. காற்றடிக்கிற மெஷினைப் போட்டேன். அந்த இரைச்சலில் மூக்கை உறிஞ்சினால் யாருக்கும் கேட்காது.

அப்படி ஒரு காருக்கு நான் ரயர் பூட்டியதில்லை. மெஷினால் இறுக்கிய நட்டுகளைத் திரும்பவும் கையால் இறுக்கிப் பார்த்தேன். பற்றரியை மாற்றித் திறப்பைத் திருப்பியதும் இயந்திரம் ஒரே தரத்தில் பிடித்தது.

அண்ணை காரைப் பின்பக்கமாகத் தெருவுக்கு எடுத்தார். கோசலை அக்கா எழும்பி என்னிடம் வந்தார். மகளைப் பற்றி ஏதாவது கேட்கப் போகிறார் என்று நினைத்து, அங்கே நல்ல டொக்டர்மார் இருக்கிறார்கள், பயப்படாதீர்கள் என்று சொல்ல ஆயத்தமாக நின்றேன்.

அவர் என் கையில் ஒரு போனை வைத்தார். அண்ணையுடைய போன். நிறுத்தி வைத்திருந்தார்.

“இது உன்னட்டைக் கிடக்கட்டும் தம்பி. வழியிலை ஆரும் எடுத்து இந்த மனுசனிட்டைத் துக்கம் விசாரிச்சுப்போடுவினம். அங்கை போய்ச் சேருமட்டும் பிள்ளை இருக்கிறாள் எண்டு நினைச்சு ஓடட்டும்.”

அக்காவுக்கு யார் சொன்னார்களோ, சரி என்று போனைச் சட்டைப் பைக்குள் போட்டேன். அண்ணைக்குக் கொடுத்தது போல அவருக்கும் ஒரு வாக்கு.

கோசலை அக்கா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டுப் போய்க் காரில் ஏறினார். கண்ணாடி இறங்கியிருந்தபடியால் அவருடைய குரல் எனக்கு வடிவாகக் கேட்டது.

“இஞ்சாருங்கோ, கெதியா எடுங்கோ. பிள்ளை எங்களைப் பாத்துக்கொண்டு கிடப்பாள்.”

“ஓம், ஓம்” என்று அண்ணை காரை எடுத்தார்.