இர்ஃபானாவின் இந்தி

"மை டீக் ஹூன், மேடம்" என்று, தான் நன்றாக இருப்பதாக, ஆறாவது வாரமும் இந்தியிலேயே ஆரம்பித்தாள் இர்ஃபானா.

எரிச்சலை மறைத்துக்கொள்ளக் கோதை பெரும்பாடுபட்டாள்.

இர்ஃபானா காயல்பட்டினத்துப் பெண். மூன்று வருடமாகப் புனேயில், வானவடியில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை. கோதைக்குக் கோயம்புத்தூர். போபோடியில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் இலவச மையத்தில் கவுன்சலர். சாதியாலோ மதத்தாலோ ஒதுக்கப்பட்டு, அதனாலேயே மனசு நொந்து வருகிறவர்களுக்கான மையம் அது.

முதல் நாள் இர்ஃபானா தயக்கத்தோடு தமிழில்தான் தொடங்கினாள். ஐந்தே நிமிடம். இந்திக்கு மாறியவள் அப்புறம் திரும்பவே இல்லை.

கோதையின் இந்தி ஆட்டோக்காரருக்கு வழி சொல்லத்தான் காணும். இர்ஃபானாவின் இந்தியும் அப்படி ஒன்றும் பிரமாதமில்லை. ஊரில் தனியாக இருக்கும் உம்மாவை அழைத்துவர வீடு தேடுகிறாள், கிடைக்கவில்லை, ஃபோன் அடித்தாலே மூச்சு முட்டுகிறது. ஆறு வாரத்தில் கோதைக்குப் புரிந்தது இவ்வளவுதான்.

"தமிழ்லயே சொல்லுங்களேன், இர்ஃபானா."

"நஹீ மேடம், ஐஸே ஹீ டீக் ஹை." இப்படியே இருக்கட்டுமாம்.

நேரம் முடிந்து அவள் வெளியே போனாள். அடுத்த நிமிடம் வராந்தாவிலிருந்து குரல் கேட்டது.

"உம்மா, சாப்ட்டியளா? மாத்திரை போட்டியளா? முட்டி வலி எப்படி இருக்கு?"

என்ன அழகான தமிழ்! உள்ளே மட்டும் அது எங்கே போகிறது?

கோதைக்கு ஒன்றும் புரியவில்லை. டீ குடிக்கும்போது சீனியர் சோனியாவிடம் புலம்பினாள்.

"தாய்மொழியில பேச வெட்கப்படறாளோ?"

"உம்மாகிட்ட பேசறப்போ வெட்கமில்லையே" என்றாள் சோனியா.

"அப்போ என்மேல நம்பிக்கை இல்லை. தமிழ்க்காரங்க யார்கிட்டயாவது சொல்லிடுவேன்னு பயப்படறா."

"இருக்கலாம்."

"இல்லேன்னா... பெரிய ஊருக்கு வந்ததும் தமிழ் மட்டமாத் தெரியுதோ என்னவோ. என் காலேஜ் ஃபிரெண்ட்ஸ் நிறைய பேர் அப்படித்தான்."

"இதெல்லாம் நீயா நினைச்சுக்கிறது. அவகிட்டயே கேட்டியா?"

கேட்கவில்லை. ஃபைலில் மட்டும் 'தாய்மொழி மீது தாழ்வு மனப்பான்மை?' என்று எழுதி, கேள்விக்குறியை அடித்து, மறுபடி போட்டிருந்தாள்.

ஏழாவது வாரம் கேட்டுவிட்டாள்.

"இர்ஃபானா, தப்பா எடுத்துக்காதீங்க. எங்கிட்ட ஏன் தமிழ் பேசமாட்டேங்கறீங்க?"

இர்ஃபானா கைப்பையின் வாரை விரலில் சுற்றினாள். அவிழ்த்தாள். மறுபடி சுற்றினாள். பிறகு தமிழில் ஆரம்பித்தாள்.

"வீடு தேடுனேன்லா மேடம். நாலு பேரு பேரைக் கேட்டதுமே இல்லைன்னுட்டாங்க. புரோக்கர், கோந்த்வா பக்கம் உங்க ஆளுங்க இருக்காங்க, அங்க போங்கன்னார். அதெல்லாம்கூடப் பழகிப்போச்சு."

"ம்..."

"அஞ்சாவது வீடு, ஓனரு தமிழ்க்காரரு. ஃபோன்ல தமிழ்ல பேசுனதும் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். நம்ம ஊருப் பொண்ணு, அட்வான்ஸ் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், அம்மாவக் கூட்டிட்டு வாங்கன்னாரு. நானும் உம்மாட்ட சொல்லிட்டேன். உம்மா ஊர்ல எல்லார்ட்டயும் சொல்லிட்டாங்க."

"அப்புறம்?"

"கடைசியில பேரு கேட்டாரு. சொன்னேன். அப்புறம், 'அட, நீங்க முஸ்லிமா? ஆனா இவ்வளவு நல்லா தமிழ் பேசறீங்களே!'ன்னாரு. வீடு வேற ஆளுக்குப் பேசி முடிச்சாச்சாம்."

கோதைக்கு முகம் சிவந்துவிட்டது.

"வீடு போனதுக்காக இல்ல மேடம். எங்க உம்மாவுக்குத் தமிழைத் தவிர ஒரு வார்த்தை வேற தெரியாது. வாப்பா சாகும்போது பேசுனதும் தமிழ்தான். அந்த மனுசன் என்னமோ நான் அவர் வீட்டுச் சாமானை எடுத்து வச்சிருக்கிற மாதிரி ஆச்சரியப்பட்டாரு. அதுலேருந்து தமிழ் ஆளுங்க முன்னாடி வாயைத் தொறந்தாலே தொண்டை அடைச்சுக்கிடுது."

"எவ்வளவு குரூரமான வார்த்தை!" என்றாள் கோதை. "பாராட்டற மாதிரியே பேசி, நீ இந்த மொழிக்காரி இல்லைன்னு சொல்றது. படிச்சவங்கதான் இர்ஃபானா, இதை அதிகம் செய்யறாங்க. சொல்றோம்னுகூட அவங்களுக்குத் தெரியறதில்லை."

"ஆமா மேடம். தெரியறதில்லை."

"அந்த ஆளுக்காக நான் உங்ககிட்ட மன்னிப்பு கேக்கறேன். இந்த அறையில உங்களை யாரும் அப்படிப் பேசமாட்டாங்க. நீங்க தைரியமாத் தமிழ்ல பேசலாம்."

இர்ஃபானா நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் கோபமே இல்லை. சொல்வதா வேண்டாமா என்ற சங்கடம்தான் இருந்தது.

"அதே வார்த்தையத்தான் மேடம், மொத நாளு ஃபாரத்துல என் பேரைப் படிச்சிட்டு நீங்களும் சொன்னிய."